நான் அனுப்பாத மின்னஞ்சலுக்கு நான் எழுதிய கடிதம்

என்னிடம் ஒரு மன்னிப்புக் கடிதம் இருக்கிறது. எழுதியது நான்தான். கம்பெனியின் பெயர் அச்சிட்ட தாள், நீல மை, பதினோரு வரி, நான்கு மூலைகளிலும் குண்டூசித் துளைகள். "என் கவனக்குறைவால் என் மின்னஞ்சல் முகவரியிலிருந்து வாடிக்கையாளருக்குத் தவறான தகவல் சென்றுவிட்டது" என்பது முதல் வரி. கவனக்குறைவு என்னுடையதில்லை. அந்த மின்னஞ்சலை அனுப்பியது நானில்லை. அதில் போன தகவலும் தவறானதில்லை. ஒரே வரியில் மூன்று பொய். திருவள்ளூரில் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் ஒன்பது வருடம் துணை ஆசிரியராக இருந்தவள் நான். வேறு யாராவது அப்படி ஒரு வரியை எழுதிக் கொடுத்திருந்தால் அடித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

பதிப்பை நிறுத்திய பிறகு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்பு ஆலையில் அலுவலகப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். லாரிகளுக்கு இரும்பு பிராக்கெட் வார்க்கும் கம்பெனி. வீடு ஆரணியில். காலை ஆறு மணிக்குப் பேருந்து நிலையத்தில் நின்றால், புதுவாயல் போய் அங்கே வேறு வண்டி பிடித்து, ஏழரைக்கு ஆலைக்குள் இருக்கலாம்.

முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. மெமோ கொடுக்க மாட்டார், சம்பளத்தில் கை வைக்க மாட்டார். தப்பு செய்தவர் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதி, மறுநாள் காலை எட்டு மணிக்கு ஷிப்ட் தொடங்கும்முன், வருகை பதியும் டைம் ஆபீஸ் எதிரே எல்லார் முன்னாலும் நின்று சத்தமாகப் படிக்க வேண்டும். பிறகு அந்தக் கடிதம் அறிவிப்புப் பலகைக்குப் போகும். அதை எப்போது எடுப்பது என்பது முதலாளியின் விருப்பம். அச்சை உடைத்தவர், உருக்கிய இரும்பைக் கீழே கொட்டியவர், ஃபோர்க்லிஃப்டைச் சுவரில் மோதியவர் எல்லாரும் அங்கே நின்று படித்திருக்கிறார்கள். முடித்ததும் கைதட்டுவார்கள். அதோடு விஷயம் தீர்ந்தது என்று பொருள். செய்யாத தப்பைப் படித்தது, எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான்.

ஒரு புதன்கிழமை காலை ஆறு ஐந்துக்கு என் முகவரியிலிருந்து எங்கள் பெரிய வாடிக்கையாளரின் அதிகாரிகள் நான்கு பேருக்கு ஒரு மின்னஞ்சல் போனது. தலைப்பு இல்லை, உள்ளே ஒரு சொல் இல்லை, இணைப்பு மட்டும் இருந்தது. எங்கள் பரிசோதனைக் கூடத்தின் தாள் அது. பன்னிரண்டு துண்டுகள், பன்னிரண்டுக்கும் எதிரே 'ஃபெயில்'. புது அச்சை வெள்ளோட்டம் பார்க்க வார்த்த துண்டுகள் அவை. வெளியே போகப்போவதில்லை, மறுபடி உலைக்குத்தான் போகும். வாடிக்கையாளருக்கு அது எப்படித் தெரியும்? வாசல் வரை போய் நின்ற எங்கள் லாரியை இறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

முதலாளி சிஸ்டம்காரனைக் கூப்பிட்டார். தொழிற்பேட்டையில் பதினொரு கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். என்னைவிடச் சிறியவர்களையும் 'அவர்' என்றே எழுதிப் பழகியவள் நான். இவன் ஒருவனுக்கு அதைத் தருவதாக இல்லை.

ஹெல்மெட்டைக் கையிடுக்கில் வைத்தபடியே உள்ளே வந்தான். வாடிக்கையாளர் அனுப்பியிருந்த அச்சுப் பிரதியை நின்றவாக்கில் பார்த்தான்.

"மேடம் ஐடிலருந்துதான் சார் போய்க்கீது. க்ளியரா தெரியுதே."

"நான் அந்த நேரத்துல ஆரணி பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு இருந்தேன் சார்," என்றேன்.

"போன்லருந்தே அனுப்பலாமே மேடம்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, பேப்பர்ல இருந்த பழக்கம் இன்னும் உடலியா? உள்ள நடக்கறதெல்லாம் வெளிய சொல்லிக்கினே இருக்கணுமா?"

மொத்தம் மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் எட்டு மணிக்குப் படித்தேன். நாலாவது வரியில் குரல் இறங்கியது. பின்வரிசையிலிருந்து யாரோ, "சத்தமா படிம்மா, இங்க ஒன்னும் கேக்கல!" என்றார். சிரித்தார்கள். சிஸ்டம்காரன் அன்று வேறு ஏதோ வேலையாக வந்து, தன் பைக்கின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் சிரித்தான். மற்றவர்கள் சிரித்ததை மறந்துவிட்டேன்.

என்னை மெயில் வேலையிலிருந்து எடுத்து கேட்டில் உட்காரவைத்தார்கள். வருபவரின் பெயர், வண்டி எண், நேரம், காரணம், கையெழுத்து என்று ஐந்து கட்டம் கொண்ட பதிவேடு. மின்விசிறி ஒன்று. இன்டர்நெட் கேபிள் ஆலைக்குள் நுழைவதும் அந்த அறை வழியாகத்தான். அதன் பெட்டி என் தலைக்கு மேல் சுவரில் இருந்தது. தினமும் உள்ளே போகும்போது எதிரே அறிவிப்புப் பலகை. பலகையில் என் கையெழுத்து. ஒரு மாதத்தில் எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். நான்கு மாதம் இருந்தது.

நான்காவது மாதம் அந்த வாடிக்கையாளரிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தபாலிலும் அனுப்பியிருந்தார்கள்; தபால் கேட்டுக்குத்தான் வரும். சப்ளையர்கள் எல்லாரும் தங்கள் டொமைனுக்கு, அதாவது மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் கம்பெனிப் பெயருக்கு, எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் என்று மூன்று பதிவுகளை அமைக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த மாதக் கடைசிக்குப் பிறகு அவர்களின் மின்னஞ்சலை ஏற்க மாட்டோம் என்றது. சிஸ்டம்காரனிடம் முதலாளி கேட்டபோது, "ரெண்டு லைன் வேலை சார், நாளைக்கு முடிச்சித் தரேன்" என்றான். அந்த நாளைக்கு மூன்று வாரம் ஆனது. நான் அந்த மூன்று வாரமும் கேட்டில் உட்கார்ந்து போனில் அதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் எனக்குப் புரிந்த விஷயம் இது. மின்னஞ்சலில் 'அனுப்புநர்' என்று தெரிகிற இடத்தில் யார் வேண்டுமானாலும் எந்த முகவரியை வேண்டுமானாலும் போட முடியும். தபால் உறையில் யாரோ ஒருவர் என் வீட்டு விலாசத்தை எழுதி அனுப்புவதைப் போல. அதை வைத்துத்தான் அவன் என்னைக் குற்றவாளி ஆக்கினான். அந்த அச்சுப் பிரதிக்குப் பதிலாக அசல் மின்னஞ்சலைக் கேட்டு வாங்கியிருந்தால், அது எந்த வழியாக வந்தது என்பது அதிலேயே இருந்திருக்கும். அதைப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை அவன் எனக்குச் செலவழிக்கவில்லை.

மூன்று பதிவுகளும் எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் இருந்தவைதான். முதலாவது, எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப யாருக்கெல்லாம் உரிமை என்ற பட்டியல். எந்தெந்தப் பகுதிநேர நிருபரின் செய்தியை வாங்கலாம் என்று மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் வைத்திருப்போமே, அது. இரண்டாவது, ஒவ்வொரு கடிதத்திலும் விழும் முத்திரை. நடுவில் யாரும் ஒரு சொல்லை மாற்றவில்லை என்பதற்கு அடையாளம். மூன்றாவது உத்தரவு. பட்டியலிலும் இல்லை, முத்திரையும் இல்லை என்றால் அதை என்ன செய்வது? சும்மா பார்த்துக்கொண்டிருப்பதா, ஓரமாக வைப்பதா, நிராகரிப்பதா? அந்த மூன்றாவது பதிவில் இன்னொரு வசதியும் இருந்தது. எங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு எந்தெந்த வழியாக எத்தனை கடிதம் வந்தது என்று, பெறுகிறவர்கள் நமக்கு நாள்தோறும் அறிக்கை அனுப்புவார்கள்.

எனக்கு வேண்டியது அந்த அறிக்கை.

முதலாளியிடம் போய் நானே செய்து தருகிறேன் என்றேன்.

"நீயா? உனக்கு இது இன்னா தெரியும்?"

"மூணு வாரமா படிச்சிக்கினு இருக்கேன் சார். தேதி கிட்ட வந்துடுச்சி."

அவர் சிஸ்டம்காரனுக்கு போன் போட்டு, டொமைனின் பாஸ்வேர்டை எனக்குக் கொடுக்கச் சொன்னார். அவன் அதை ஒரு சீட்டில் எழுதி கேட்டில் நீட்டினான். "மேடம், ஒரு புள்ளி மாறினா மொத்த மெயிலும் படுத்துக்கும். பெரிய பேஜாரா பூடும். அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

"கேக்க மாட்டேன்," என்றேன்.

உள்ளே போய்ப் பார்த்தால் முதல் பதிவே இரண்டு இருந்தது. ஒரு டொமைனுக்கு ஒரு பட்டியல்தான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. ஒன்று வேறு ஏதோ கம்பெனிக்கு எழுதியதை அப்படியே கொண்டுவந்து ஒட்டியது. மாற்றுவதற்கு முன் இரண்டையும் அச்செடுத்து, தேதி போட்டு வைத்துக்கொண்டேன். பிறகு ஒரே பட்டியல் எழுதினேன். கம்பெனி மின்னஞ்சல்கள் முறையாகப் போகும் எங்கள் மெயில் சேவையின் பெயர் மட்டும். முத்திரைக்கான சாவி நானூறு எழுத்துக்கு நெருங்கிய நீளம். அதை எழுத்தெழுத்தாக இருமுறை சரிபார்த்தேன். மூன்றாவது பதிவை 'பார்த்துக்கொண்டிரு' என்ற நிலையில் வைத்து, அறிக்கைகள் வர ஒரு புது முகவரி போட்டேன்.

இரண்டாம் நாள் முதல் அறிக்கை வந்தது. எங்கள் பெயரில் கடிதம் போகும் வாசல்கள் இரண்டு என்றது. ஒன்று எங்கள் மெயில் சேவை. அது முறையானது. இன்னொன்று வெறும் எண், ஏதோ ஒரு இன்டர்நெட் இணைப்பின் எண். அதிலிருந்து தினமும் இரண்டே இரண்டு கடிதம், பட்டியலிலும் இல்லை, முத்திரையும் இல்லை. அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தேன். தலைக்கு மேல் இன்டர்நெட் பெட்டியின் பக்கத்தில், சிஸ்டம்காரன் தன் கையால் எழுதி ஒட்டியிருந்த தாளில் அதே எண் இருந்தது. அது எங்கள் ஆலையின் எண்.

எங்கள் சுவருக்குள்ளேயே ஏதோ ஒரு இயந்திரம், மெயில் சேவையைத் தொடாமல், நேராகக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தது. முதலாளிக்கு தினமும் ரிப்போர்ட் அனுப்புகிற இடம் ஒன்றுதான்: பரிசோதனைக் கூடம்.

கூடத்தில் ஒரு பெண் வேலை செய்தார். கவரைப்பேட்டைப் பக்கம். பெற்றோர் நாற்று நட்டவர்கள், இவர் டிப்ளமோ படித்து வந்தவர். ஞாயிறு சர்ச்சுக்குப் போகாமல் ஓவர்டைம் பார்க்கமாட்டார். பலகையில் என் கடிதம் ஏறிய பிறகும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

"தினம் முதலாளிக்கு ரிப்போர்ட் நீயா அனுப்புற?"

"நான் எங்கக்கா அனுப்புறேன்? காலைல ஆறு அஞ்சுக்குத் தானா பூடும். எனக்கு ஒன்னு, சாருக்கு ஒன்னு. சிஸ்டம் சார் செட் பண்ணிக் குடுத்தாரே."

"நான் கொஞ்சம் பாக்கட்டா?"

"பாரு. எதையும் அமுக்கிடாத தாயே, அப்புறம் நான் லெட்டர் படிக்கணும்."

அனுப்பிய ஒவ்வொரு கடிதத்துக்கும், செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு வரி பதிவாகியிருந்தது. பின்னோக்கிப் போனேன். அந்தப் புதன்கிழமை, ஆறு ஐந்து. அனுப்புநர்: என் முகவரி. பெறுநர்: வாடிக்கையாளரின் நான்கு அதிகாரிகளும். அதுதான் அந்த ஏற்பாடு ஓடிய முதல் நாள். என் முகவரிதான் கம்பெனியில் முதலில் உருவாக்கியது. எந்தப் புது இயந்திரம் வந்தாலும் அவன் அதையே போடுவான். பெறுநர் இடத்தில் என் முகவரிப் புத்தகத்தில் இருந்த ஒரு குழுவை முழுசாகச் சேர்த்திருக்கிறான். அடுத்த வரி, அதே நாள் காலை பதினொன்று நாற்பது: அனுப்புநர் மாற்றப்பட்டது, பெறுநர் மாற்றப்பட்டது.

கேட்டுக்குத் திரும்பி வந்து பழைய பதிவேட்டை எடுத்தேன். அந்தப் புதன்கிழமை அவன் இரண்டு முறை கையெழுத்துப் போட்டிருந்தான். ஒன்பது பத்துக்கு, முதலாளியைப் பார்க்க. பதினொன்று இருபதுக்கு மறுபடி. காரணம் என்ற கட்டத்தில் அவன் கையெழுத்திலேயே: 'லேப் சிஸ்டம்'.

ஆக, என்னைக் கைகாட்டிய இரண்டு மணி நேரத்தில் அவனுக்கு உண்மை தெரிந்திருக்கிறது. சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு, மறுநாள் பைக் மேல் உட்கார்ந்து நான் படித்ததைக் கேட்டிருக்கிறான். பழைய வரிகளை அழிக்கவில்லை. அழிக்க வேண்டும் என்று நினைக்கிற அளவுக்குக்கூட என்னை அவன் பொருட்படுத்தவில்லை.

அன்றே முதலாளியிடம் போயிருக்கலாம். அவர் என்ன சொல்வார் என்று தெரியும். 'விடும்மா, வெளியாளு' என்பார். என் கடிதத்தை எடுத்துவிடுவார். எனக்கு அது போதாது. அவன் அந்த இடத்தில் நின்று படிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன், முதலாளிக்கு நகலோடு. 'சுற்றறிக்கைப்படி திங்கட்கிழமை மூன்றாவது பதிவை நிராகரி என்று மாற்றுகிறேன். அதன் பிறகு இந்தப் பட்டியலில் இல்லாத எதுவும் நம் பெயரில் போகாது. நீங்கள் அமைத்த வேறு எந்த இயந்திரமாவது நம் பெயரில் மின்னஞ்சல் அனுப்புகிறதா என்று பார்த்து எழுத்தில் தெரிவிக்கவும்.' நேர்மையான கேள்வி. சரியான பதிலும் அவனிடம் இருந்தது. பார்த்திருந்தால் தப்பித்திருப்பான். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது: 'ஓகே மேடம். வேற எதுவும் இல்ல.'

திங்கட்கிழமை மாலை மாற்றினேன். மாற்றியது ஒரே ஒரு சொல்.

செவ்வாய்க்கிழமை ஆறு ஐந்துக்குப் போன இரண்டு கடிதங்களும் சேரவில்லை. முதலாளி காபியோடு அந்தத் தாளைப் பார்க்கிறவர். அன்று ஏழே முக்காலுக்கே காரில் வந்து இறங்கினார். நேராகப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனார். எனக்குக் கேட்டது அவர் குரல் மட்டும்தான்.

"தானா போவும்னா? எதும்மா தானா போவும்? லெட்டர் எழுது."

இது என் கணக்கில் இல்லை. அந்தப் பெண் டைம் ஆபீஸ் மேசையில் வந்து உட்கார்ந்தார். தாள் எடுத்தார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். கேட்டிலிருந்து பத்தடி. என் மேசை இழுப்பறையில் நான்கு தாள்கள் தயாராக இருந்தன. எழுந்து போய் ஒரு வார்த்தை சொன்னால் அவர் பேனாவைக் கீழே வைத்திருப்பார். ஆனால் முதலாளி போன் போட்டுக் கூப்பிட்டிருந்த சிஸ்டம்காரன் இன்னும் வரவில்லை. அவன் வாயால் சொல்வதைக் கேட்க வேண்டியிருந்தது. கால் மணி நேரம் நான் எழுந்திருக்கவில்லை.

எட்டு ஐந்துக்கு அவன் வந்தான். பதிவேட்டை நகர்த்தினேன். கையெழுத்துப் போட்டான். முதலாளி டைம் ஆபீஸ் வாசலிலேயே நின்றார்.

"நம்ப சைடு எல்லாம் கரெக்டா கீது சார்," என்றான் அவன், எதையும் பார்க்காமல். "லேப் மேடம்தான் எதுனா கைய வச்சிருப்பாங்க."

அப்போதுதான் எழுந்தேன். தாள்களை ஒவ்வொன்றாக முதலாளியின் கையில் கொடுத்தேன். அவனுடைய வெள்ளிக்கிழமைப் பதில். எங்கள் ஆலையின் எண்ணோடு அறிக்கை. அந்தப் புதன்கிழமையின் இரண்டு வரிகள். பதிவேட்டின் பக்கம். முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பதிவேட்டுப் பக்கத்தை மட்டும் இரண்டு முறை பார்த்தார்.

"தம்பி, இது உன் கையெழுத்துதான?"

"சார், அது வந்து... நான் அவுட்சைடு ஆளு சார்."

"இந்த கேட்ல கையெழுத்துப் போட்டு உள்ள வந்தா எல்லாம் உள்ளாளுதான். எழுது. பதினொரு கம்பெனில இந்தக் கம்பெனி வேணும்னா எழுது."

புதன்கிழமை எட்டு மணி. நல்ல வெயில். டைம் ஆபீஸ் எதிரே இரண்டு வரிசை. அவன் ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் தரையில் வைத்தான். ஏழு வரிக் கடிதம். இரண்டாவது வரியிலேயே குரல் உள்ளே போனது. 'அவங்க மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சும் நான் சொல்லல' என்ற இடம் யாருக்கும் கேட்கவில்லை.

"சத்தமா படிங்க சார், பின்னாடி ஒன்னும் கேக்கல," என்றேன்.

மறுபடி படித்தான். கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. முதலாளி பலகையிலிருந்து என் கடிதத்தைப் பிடுங்கி என்னிடம் நீட்டினார். "இந்தாம்மா." இருந்த ஊசிகளாலேயே அவனுடையதைக் குத்தினார். அன்று மதியம் பரிசோதனைக் கூடத்தின் கடிதங்களை மெயில் சேவை வழியாகப் போகும்படி மாற்றினேன். அடுத்த வாரம் அலுவலக மேசை திரும்பக் கிடைத்தது. அவன் கடிதம் எட்டு மாதமாக இன்னும் பலகையில் இருக்கிறது. எடுக்கச் சொல்லி முதலாளிக்கு நினைவுபடுத்துவது இப்போது என் பொறுப்பில் வரும் வேலை. நான் நினைவுபடுத்தவில்லை.

அவன் படித்த அன்று சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். டப்பாவைத் திறக்காமல் கேட்டார்.

"ரிப்போர்ட் வராதுன்னு உனக்கு முன்னாடியே தெரியும்ல?"

"தெரியும்."

"நேத்து நான் எழுதிக்கினு இருந்தப்ப பாத்துக்கினுதான இருந்த?"

"ஆமா."

அவர் தலையாட்டினார். சண்டை போடவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். அதன் பிறகு அறிக்கை வந்ததா என்று நான் கேட்டால், "வந்துடுச்சி மேடம்" என்கிறார். அக்கா என்பதில்லை. சிஸ்டம்காரனும் என்னை அப்படித்தான் கூப்பிடுவான்.

செவ்வாய்க்கிழமை அவர் மேசையில் விட்டுப்போன தாளை நான் எடுத்து வைத்திருக்கிறேன். மூன்று வரி, மூன்றாவது பாதியில் நிற்கிறது. 'என் கவனக்குறைவால்' என்றுதான் அதுவும் தொடங்குகிறது. என் கடிதத்தோடு அதே உறையில் இருக்கிறது. அவனைப் படிக்கவைத்ததற்கு எனக்கு ஒரு நாளும் வருத்தம் வந்ததில்லை. உறையைத் திறந்தால் மட்டும் முதலில் கைக்கு வருவது அந்த மூன்று வரித் தாளாக இருக்கிறது.